ஜெயில் உத்தியோகம் பார்க்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஒரு கைதிக்காக அவள் வீட்டுக்கு உன் போனில் பேசலாமா என்று அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் மழுப்பினேன், அம்மா பக்கத்திலேயே இருந்தாள். தெரிந்தால் ராத்திரி தூங்க மாட்டாள்.

அந்த விசாரணைக் கைதி, "அக்கா, என் பொண்ணு பரீட்சைக்குப் போனாளான்னு உங்க போன்ல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க" என்றாளாமே. பாவம்தான், அவள் பொய் சொல்கிறாள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீ ஒரு தடவை கூப்பிட்டால் உன் நம்பர் வெளியே போய்விடும். பத்து நாள் கழித்து எவனோ கூப்பிட்டு, "மேடம், சின்ன உதவி" என்பான். முடியாது என்றால், "அன்றைக்கு மட்டும் பேசினீங்களே?" என்பான். ஒரு பீடிக் கட்டில் ஆரம்பித்து சிம் கார்டில் போய் மாட்டினவர்களை நான் பார்த்திருக்கிறேன். எவரும் காசுக்கு ஆசைப்பட்டு ஆரம்பித்தவர் இல்லை, இரக்கப்பட்டவர்கள்தான். கைதியோடு கொடுக்கல் வாங்கல் கூடாது என்று 1894 சிறைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். நீயும் பயிற்சியில் படித்திருப்பாய்.

அவளை நல அலுவலரிடம் மனு எழுதிக் கொடுக்கச் சொல். கைதிகள் வீட்டுக்குப் பேச உள்ளேயே போன் வசதி இருக்கிறது. நீ செய்ய வேண்டியது, அந்த மனு மேஜையிலேயே கிடக்காமல் ஞாபகப்படுத்துவது. அதுவும் உதவிதான்.

அதற்காக முறைத்துக்கொண்டே இருக்காதே. 1950 பிப்ரவரி 11-ல் சேலம் ஜெயிலுக்குள் சுட்டதில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். நான் வேலைக்குச் சேர்வதற்கு ரொம்ப முன்னால் நடந்தது, ஆனாலும் பழைய ஆட்கள் அதைப் பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அதட்டி நடத்துகிற பிளாக்கைவிட, பெயர் சொல்லிக் கூப்பிட்டு நடத்துகிற பிளாக்கில் நியூஸ் சீக்கிரம் வரும். எவன் எவனோடு முறைப்பு, எவன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். சாப்பிடாதவனை மட்டும் விட்டுவிடக் கூடாது, மற்ற எல்லாம் அப்புறம்.

சோதனை போடும்போது சோப்புக் கட்டியைத் திருப்பிப் பார். குடைந்து வைத்துவிட்டு மேலே ஈரம் தடவி மூடியிருப்பார்கள். அந்த இடம் மட்டும் வழவழப்பாக இருக்கும். செருப்பின் அடியையும் மடக்கிப் பார்.

சாயங்காலம் கைதிகளை அடைக்கும்போது எடுக்கும் லாக்கப் கணக்கில் ஒரு தலை குறைந்தால் வயிற்றைக் கலக்கும் என்றாயே, அது போகாது. ரிட்டயர்டு ஆன பிறகும் நான் அஸ்தம்பட்டி வீட்டில் ராத்திரி கேட்டை மூன்று தரம் ஆட்டிப் பார்க்கிறேன், அம்மா சிரிக்கிறாள். டூட்டியில் வந்த கோபத்தை வீட்டில் காட்டாதே என்று நான் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் அது எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வை, நைட் பாரா முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம் எதுவும் கேட்காதே என்று.

கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு லீவு இப்போதே எழுதிக் கொடு. கடைசி நேரத்தில் கேட்டால் ஆள் பற்றாக்குறை என்பார்கள்.

அப்பா