யாகப்பர் திருநாளும் முன்வரிசை ஆசனங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யூலை 25ஆம் நாள் திருச்சபை நினைவுகூரும் திருத்தூதர் புனித யாகப்பர், தந்தை செபதேயுவையும் கூலியாட்களையும் படகிலேயே விட்டு இயேசுவைப் பின்சென்ற கடற்றொழிலாளி என்பதால், குருநகர் போன்ற எமது கரையோர ஊர்களுக்கு அவர் மிகவும் நெருக்கமானவர். குருநகரில் அவர் பெயரிலுள்ள ஆலயம் 1993இல் குண்டுவீச்சுக்கு உள்ளானதையும், சிதைவுற்ற நிலையிலும் மக்கள் அதனைக் கைவிடாததையும் மூத்தோர் அறிவர்.

அத்திருநாளில் வாசிக்கப்படும் மத்தேயு நற்செய்திப் பகுதி (20:20-28) எம்மை உலுக்க வேண்டியது. தம் மக்களான யாகப்பர், யோவான் இருவருக்கும் இயேசுவின் ஆட்சியில் அவரது வலப்பக்கமும் இடப்பக்கமும் ஆசனம் கேட்கிறார் அவர்களின் தாய். இயேசுவோ, தாம் பருகவிருக்கும் துன்பக் கிண்ணத்தில் அவர்களால் பருக முடியுமா என்று வினவுகிறார். "முடியும்" என்று தயங்காது விடையளித்த யாகப்பர், பின்னர் ஏரோது மன்னனின் வாளுக்கு இரையாகி, திருத்தூதர் பன்னிருவரில் முதலாவதாக உயிர்கொடுத்த சான்றைத் திருத்தூதர் பணிகள் நூல் (12:2) ஒரே வசனத்தில் கூறி முடிக்கிறது. அந்தச் சுருக்கம் என்னை எப்போதும் நெகிழச் செய்வதுண்டு.

இவ்வாசகம் ஒலிக்கும் அதே திருப்பலியில், உபயகாரருக்கும் பிரமுகர்களுக்கும் முன்வரிசை ஒதுக்கப்படுவதும், ஒலிபெருக்கியில் பெயர்கள் நீளமாக வாசிக்கப்படுவதும் எனக்கு ஆழ்ந்த வேதனை தருகின்றன. இவ்வாண்டு முதல் அவ்விருக்கைகளைக் கடலில் உறவுகளை இழந்த குடும்பங்களுக்கும், நடக்க இயலாத முதியோருக்கும் ஒதுக்குமாறு பங்குச் சபைகளைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.