நாமக்கல் மலையோட இன்னொரு பக்கம்

அடியேய், எப்டி இருக்க? நீ வாய்ஸ் அனுப்பி பத்து நாளாச்சு, பதில் போடணும் போடணும்னு நெனச்சு, சொல்ல வேண்டியது நெறைய சேந்துபோச்சு, அதான் உக்காந்து டைப்பே பண்ணிடறேன். முட்டிவலிக்கு எண்ணெய் போட்டு நீவறியா இல்லையா, மொதல்ல அதச் சொல்லு. இங்க அம்மாப்பேட்டைல எல்லாரும் சௌக்கியம். மாமியாருக்கு கண் ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சது, சின்னவனுக்கு ஓசூர்ல வேலை கெடச்சிருச்சு.

போன ஞாயித்துக்கெழம நாமக்கல் போயிட்டு வந்தேன்டி. நாம எட்டாவது படிக்கறப்ப 1984ல டூர் கூட்டிட்டு போனாங்களே, அதே மலை. அப்ப அது நம்ம சேலம் மாவட்டம், 1997ல தான தனியா பிரிச்சாங்க. அன்னிக்கு நாம என்ன பாத்தோம் சொல்லு? பதினெட்டு அடி ஆஞ்சநேயர அண்ணாந்து பாத்தோம், நரசிம்மர் சன்னதி கூட்டத்துல ஒருத்தி கைய ஒருத்தி புடிச்சிட்டு நின்னோம், கோட்டைல ஏறி புளிசாதம் தின்னோம், அப்புறம் நீ ஒரு கரித்துண்ட எடுத்து செவுத்துல நம்ம ரெண்டு பேர் பேரையும் எழுதுன. மலைக்கு கெழக்குப் பக்கம் இன்னொரு குகைக்கோயில் இருக்குன்னு யாரும் நமக்கு சொல்லவே இல்ல.

இந்தத் தடவ எங்க அண்ணன் பையன் கூட வந்தான். கல்வெட்டு படிக்கறதுல அவனுக்கு அவ்ளோ இஷ்டம். புது பஸ் ஸ்டாண்ட்ல ஏறி மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் தாண்டி வெயில் ஏறறதுக்குள்ள போயிட்டோம். நேரா என்ன அரங்கநாதர் பக்கம் படியேத்தி கூட்டிட்டு போயிட்டான்.

உள்ள போனதும் எனக்குப் பேச்சே வரலடி. பெருமாள் படுத்திருக்காரு, கீழ பாம்பு, இங்க ஆதிசேஷன்னு சொல்றதில்ல கார்க்கோடகன்னு தான் சொல்றாங்க, அந்தப் பாம்போட மூஞ்சி சிங்கம் மாதிரி இருக்கும். கால்மாட்டுல மது, கைடபன்னு ரெண்டு அசுரங்க, பெருமாளோட ஆயுதங்களே மனுச உருவத்துல நிக்குது. அந்தப் பக்கம் கால விண்ணுக்குத் தூக்குன திரிவிக்கிரமர், இந்தப் பக்கம் பாதி சிவன் பாதி பெருமாளா சங்கரநாராயணர். இதுல ஒண்ணு கூட வெளிய செஞ்சு கொண்டுவந்து வெச்சது இல்ல. தூண், கூரை, சாமி, சாமி மேல படுத்த மாதிரி விழற நெழல் வரைக்கும் எல்லாம் அந்த ஒரே பாறை. முன்னாடி இருக்கற தூணப் பாரு, மேலயும் கீழயும் சதுரம், நடுவுல எட்டுப் பட்டை. பாறைல கட்டம் கட்டமா கோடு போட்டு, கோட்டுல ஆழமா வெட்டி, நடுவுல நிக்கற துண்ட ஒடச்சு எடுத்துகிட்டே உள்ள போவாங்களாம், மாமல்லபுரத்துல பாதில விட்ட குகைங்கள்ல அந்தக் கட்டம் இன்னும் அப்படியே தெரியும்னான்.

அப்புறம் தான் எழுத்தக் காட்டுனான். பல்லவர் காலத்துல சமஸ்கிருதம் எழுதற பல்லவ கிரந்த எழுத்து, மொழி சமஸ்கிருதம். எனக்கு என்ன தெரியும், ஆனா ய, வ, ண எல்லாம் நம்ம எழுத்துக்கு ரொம்ப கிட்ட, சொந்தக்காரங்க மூஞ்சில நம்ம வீட்டுச் சாயல் தெரியற மாதிரி. கோயிலோட பேரு அதியேந்திர விஷ்ணுகிருஹம். வெட்டுனவரு குணசீலன், அதியர் குலம். கேட்டதும் ஒடம்பு சிலுத்துடுச்சு. அதியர்னா யாரு? ஔவைக்கு நெல்லிக்கனி குடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியோட வம்சம், தகடூர்க்காரங்க, நம்ம தருமபுரி! பாட்டுல படிச்சதோட அந்தக் குலம் முடிஞ்சுபோச்சுன்னு தான் இத்தன வருசமா நெனச்சிருந்தேன். அத்தன நூறு வருசம் கழிச்சு, எட்டாம் நூற்றாண்டு வாக்குல, சேலத்துல இருந்து ஒன்றரை மணி நேரத்துல அந்தக் குலத்துக்காரர் ஒருத்தர் பெருமாளுக்கு மலையக் கொடஞ்சிருக்காரு.

இன்னொண்ணும் சொன்னான் கேளு. திருக்கோவிலூர் பக்கம் ஜம்பைல 1981ல தமிழோட ரொம்பப் பழைய எழுத்தான தமிழ் பிராமில ஒரு கல்வெட்டு கண்டுபிடிச்சாங்க, "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி"ன்னு. பாளின்னா துறவிங்க தங்கற குகை. அசோகர் கல்வெட்டுல சோழர், பாண்டியர் பேரோட சதியபுத்திரர்னு ஒரு பேரு வரும், அது யாருன்னு ரொம்ப நாள் சண்டை, ஸதியபுதோன்னா அந்த சதியபுத்திரர் தான், அது அதியர்னு இந்த ஒரு வரி தான் தீத்து வெச்சுது. நாம டூர் போறதுக்கு மூணு வருசம் முன்னாடி கெடச்சது, நம்ம பாடப் புத்தகத்துல எங்க இருந்து வரும். அஞ்சி குடுத்ததும் குகை, குணசீலன் வெட்டுனதும் குகை, எனக்கு அதயே திரும்பத் திரும்ப நெனச்சிட்டு இருக்கத் தோணுது.

அந்தக் குடும்பம் நிம்மதியா இருந்த மாதிரியும் இல்ல. குணசீலனோட அதே எட்டாம் நூற்றாண்டுல பாண்டியன் நெடுஞ்சடையன் காவிரிக்கு வடகரைல அதியனத் தொரத்தி அடிச்சான்னு சீவரமங்கலச் செப்பேடு சொல்லுது, ஆயிரவேலி, அயிரூர், புகழியூர்னு சண்டை நடந்த ஊர் பேரோட.

மேக்குப் பக்கம் நரசிம்மர் குகைக்கும் போனோம், இரணியன் வயித்தக் கிழிக்கற சிற்பத்துக்கு தீபம் காட்றப்ப நகம் செவப்பா தெரியும்னு பக்கத்துல ஒரு பாட்டி சொன்னாங்க. கூட்டம், ரொம்ப நேரம் நிக்க முடியல.

வீட்டுக்கு வந்ததுல இருந்து நம்ம ஏற்காட்டு சேர்வராயன் கோயில் ஞாபகமாவே இருக்குடி. அதுவும் குகை தான, குனிஞ்சு இருட்டுக்குள்ள போவோம், சேர்வராயனும் காவேரியம்மனும் உள்ள இருப்பாங்க. அங்க உளி பட்ட கோயில் இல்ல, மலைல இருக்கறவங்க நாக்குல தான் அந்தக் கதையெல்லாம் வாழுது. எனக்கு ரெண்டும் வேணும்.

கோட்டைக்கும் மூச்சு வாங்க ஏறுனேன். நீ எழுதுன கரி எப்பவோ மழைல போயிடுச்சு, எனக்கு அது சந்தோசம் தான். ஆனா ஆணி வெச்சு கீறுன பேருங்க எத்தன எத்தன! அழியாது. அந்தப் பசங்களத் தடுக்க அங்க ஒரு ஆள் இல்லயேன்னு வயிறு எரிஞ்சுது.

மே மாசம் வாடி. சேலத்து மல்கோவா வந்திருக்கும். நாமக்கல்ல படி மெதுவா ஏறிக்கலாம், கோட்டை உனக்கு வேணாம், குகை மட்டும் போதும். ஏற்காட்டுக்கு கார் பேசிடறேன், சேர்வராயன் கோயில்ல நீ குனியறதுக்கு கஷ்டம்னா வாசல்ல இருந்தே கும்பிட்டுக்கலாம். டிக்கெட் போட்டதும் தேதிய சொல்லு, ஸ்டேஷனுக்கு நான் வந்துடறேன்.