தோட்டத்து வீடும் துப்பாக்கியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோட்டத்து வீடுகளில் தனித்து வாழும் முதியவர்களுக்குத் துப்பாக்கி உரிமத்தைத் தாராளமாக வழங்க வேண்டும் என்று தங்கள் இதழில் வாசகர்கள் சிலர் எழுதிவருகின்றனர். கொங்குப் பகுதியில் வயதான தம்பதியர் நகைக்காகக் கொல்லப்பட்ட செய்திகளைப் படித்த எவருக்கும் அந்த அச்சம் புரியும். ஆயினும், 17 ஆண்டுகள் ராணுவத்திலும் அதன்பின் மதுரையில் ஒரு வங்கிக் கிளையின் காவலராகவும் பணியாற்றி, இன்றும் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு உரிமம் வைத்திருப்பவன் என்ற முறையில், என்னால் அதை ஏற்க முடியவில்லை.

ஓய்வு பெற்றபின் எழுமலைக்கு அருகே எங்கள் தோட்டத்தில் தங்கியிருந்தேன். ஒருநாள் இரவு இரண்டு மணியளவில் நாய் குரைத்தது. கிணற்றுப் பக்கம் ஆள் நடமாட்டம் தெரிந்தது. தோட்டாவை நிரப்பிக்கொண்டு திண்ணைக்கு வந்து குறிபார்த்து நின்றேன். வந்தவன் என் தம்பி. மும்முனை மின்சாரம் அந்நேரத்தில்தான் வரும் என்பதால் மோட்டார் போட வந்திருக்கிறான். அண்ணன் தூக்கம் கெடுமே என்று குரல் கொடுக்கவில்லை. இருமினான், பிழைத்தான். ஆயுதமே தொழிலாக இருந்த எனக்கே இந்த நிலை என்றால், கண்ணில் புரை விழுந்த எழுபது வயதுக்காரர் இருட்டில் யாரைச் சுடுவார்?

இதைவிடப் பெரிய சிக்கல், துப்பாக்கியை வீட்டில் எங்கே வைப்பது என்பது. பூட்டி வைத்தால், கதவை உடைத்துக்கொண்டு ஒருவன் உள்ளே வரும்போது நாம் பீரோச் சாவியைத் தேடிக்கொண்டிருப்போம். தலைமாட்டில் வைத்தால், விளையாடும் பேரனுக்கும், குடித்துவிட்டு வரப்புத் தகராறுக்குக் கிளம்பும் மகனுக்கும், மனமொடிந்த ஒருவருக்கும் அது கைக்கெட்டும் தொலைவில் இருக்கும். அமெரிக்காவில் துப்பாக்கியால் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள் என்பதை உரிமம் கேட்போர் எண்ணிப்பார்க்க வேண்டும். அங்கே ஆயுதம் வைத்திருப்பது 1791 முதல் அரசியலமைப்பு வழங்கிய உரிமை. இங்கே அது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் கிடைக்கும் அனுமதி மட்டுமே. அந்த வேறுபாட்டை நாமே அழித்துக்கொள்ளலாகாது.

காட்டுப்பன்றியால் நிலக்கடலையும் மக்காச்சோளமும் இழக்கும் மலையடிவார விவசாயியின் நிலை வேறு. பயிர்க் காவலுக்கென்றே மருந்து கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கிக்கு அச்சட்டம் தனியே இடம் தருகிறது. அதை நான் மறுக்கவில்லை.

தனி வீடுகளுக்குத் தேவை இரவு ரோந்து. ரோந்து வந்ததற்குச் சான்றாக வைக்கப்படும் 'பட்டா' புத்தகத்தில் கையெழுத்திட ஒரு காவலர் இரவில் இருமுறை வந்துபோகும் தோட்டத்தைத் திருடன் தவிர்ப்பான் என்பது வங்கி வாசலில் நின்ற எனக்கு அனுபவத்தில் தெரியும். அந்த ரோந்து எங்கள் பக்கம் ஏன் குறைந்துவிட்டது என்றுதான் வாசகர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

ஏற்கெனவே உரிமம் பெற்றவர்களையேனும் அரசு கவனிக்கிறதா என்றால், அதுவும் ஐயமே. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது, நல்லது. அதே திருத்தம் உரிமக் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டியதால், உரிமதாரரின் உடல்நிலையையும் மனநிலையையும் குடும்பச் சூழலையும் அதிகாரிகள் பரிசீலிக்கும் வாய்ப்பு அருகிவிட்டது. ஐந்து ஆண்டுகளில் ஒரு முதியவரின் பார்வையும் நினைவும் எவ்வளவு மாறிவிடும்!

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெறுகிறேன். முடிந்ததும் மீட்டு வருகிறேன். வீட்டில் அதை எங்கே வைக்கிறேன், சாவி யாரிடம் இருக்கிறது, தோட்டாக்கள் வேறிடத்தில் உள்ளனவா என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. திருப்பிக் கொடுக்கும்போதேனும் ஒரு காவலர் வீடுவரை வந்து அந்தப் பீரோவைப் பார்த்துச் செல்லுமாறு மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் ஒருவர்,
எழுமலை, மதுரை மாவட்டம்.