பருந்துக்கு விருந்து வைக்காதீர்கள்

சூலூர் விமானப்படைத் தளத்தைச் சுற்றிக் கோழிக்கடை நடத்துகிறவர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும்,

வணக்கம்ங்க. ஞாயிறு சாயங்காலமானால் எங்கள் ஓடையோரம் வெள்ளைச் சாக்குகள் வந்து விழுந்துவிடுகின்றன. திங்கள் காலையில் நாய்கள் அதைக் கிழித்து இழுக்கின்றன. சிறகும் குடலும் தார்ச்சாலைவரை வந்துவிடும். அப்புறம் அண்ணாந்து பார்த்தால் ஏழெட்டுப் பருந்துகள் வட்டமடிக்கும். எந்தக் கடைச் சாக்கு என்று நான் தேடப்போவதில்லை. அந்தப் பருந்துகளோடு அதே வானத்தில் வேறு என்ன பறக்கிறது என்று சொல்லத்தான் இந்த மடல்.

‘ஏர்ஃபோர்ஸ்’ என்று ஒற்றை வார்த்தையில் நாம் சொல்கிற இந்த இடம், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத்தளம். 1945 வாக்கில் பிரிட்டிஷ் கடற்படை இதற்கு வைத்திருந்த பெயர் ‘வைரி’. வைரி என்றாலே வல்லூறுதான். (தாம்பரத்துக்கு ‘வல்லூறு’ என்றே பெயர் வைத்தார்கள், கோவைக்கு ‘கருடா’. வெள்ளைக்காரர்களுக்கு அப்படியொரு பறவைப் பித்து.) சுதந்திரத்துக்குப் பிறகு தளம் இந்திய விமானப்படைக்கு வந்தது. விமானங்களைப் பழுதுபார்க்கும் பணிமனை வந்தது, சாரங் ஹெலிகாப்டர் குழு வந்தது. 2018இல் 45ஆவது படைப்பிரிவு பெங்களூரிலிருந்து தேஜஸ் போர் விமானங்களோடு இங்கே இடம் மாறியது. 2020 மே 27 அன்று 18ஆவது படைப்பிரிவும் தேஜஸோடு இங்கேதான் தொடங்கியது. 1971 போரில் ஸ்ரீநகர் வானத்தில் உயிரைக் கொடுத்த நிர்மல்ஜித் சிங் செகோனின் படைப்பிரிவு அது. விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

சரி, இதற்கும் கோழிக் குடலுக்கும் என்ன சம்பந்தம்? தேஜஸுக்கு எஞ்சின் ஒன்றுதான். பருந்து ஒரு கிலோகூடத் தேறாது. ஆனால் மோதலில் எடையைவிட வேகம்தான் பேசும். வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. எஞ்சினுக்குள் போனால் சுழலும் தகடுகள் உடையலாம். நல்ல உயரத்தில் இருந்தால் விமானிக்கு யோசிக்க நேரமுண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் பருந்தின் உயரத்தில் இருக்கும், கைவசம் சில நொடிகள்தான். கீழே நம் வீடுகள்.

விமானத்தளத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை இழுக்கும் கழிவைத் திறந்தவெளியில் கொட்ட விதிமுறையே தடை போடுகிறது. அதற்காக அபராதம் போட்டால் தீர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. அபராதத்துக்குப் பயந்தால் சாக்கு இன்னும் தள்ளி, இன்னும் இருட்டில் விழும், அவ்வளவுதான். குப்பை வண்டி காலையில் வருகிறது. கழிவு சேர்வதோ கடை சாத்தும்போது. ராத்திரி முழுக்க அதைக் கடைக்குள் வைத்துக்கொண்டு நாற்றத்தில் யார் உட்காருவார்கள்?

ஊராட்சிகள் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமாவது சாயங்கால வண்டி ஒன்று விடுங்கள். கடைக்காரர்கள் மூடி போட்ட டிரம் ஒன்று வாங்கி வையுங்கள். அடுத்த கிராமசபையில் இதை மனுவாகக் கொடுக்கப்போகிறேன். எத்தனை மணிக்கு வண்டி வந்தால் உங்களுக்குத் தோது என்று அன்றைக்கு வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓடைக்கு எதிர்வீட்டுக்காரன்