மார்பிள் துர்க்கை வாங்கியவர்களுக்கு, எலுமிச்சை விளக்கு பற்றி ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உட்கார்ந்து மடல் எழுதுகிற பழக்கம் நம் கடைக்கு இல்லை. எதுவாக இருந்தாலும் கல்லாவுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு, டீ சொல்லி, நேரிலேயே பேசிவிடுவோம். ஆனால் மூன்று வாரமாக ஒரு குரல் பதிவு கோவை முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏதோ ஒரு அபார்ட்மெண்ட் குரூப்பில் கிளம்பி, போன வெள்ளிக்கிழமை என் சம்பந்தியின் போனுக்கே வந்து சேர்ந்துவிட்டது. "கடைவீதியில வாங்கின துர்க்கை ஆறே மாசத்துல அரிச்சுப் போச்சு, அது மார்பிளே இல்லை, சுண்ணாம்பு பொம்மை" என்று ஒன்றேகால் நிமிஷம். கடைப் பெயரை அந்த அம்மா சொல்லவில்லை. ஜெய்ப்பூர் சிலை எங்கே கிடைக்கும் என்று கேட்டால் ஊரில் யாரும் நம் கடையைத்தான் கை காட்டுவார்கள், அதனால் சொல்லத் தேவையும் இல்லை.

விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். டெலிவரி லேட் என்று சொல்லியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன், அது உண்மை. "மார்பிளே இல்லை" என்றால் எப்படிப் பொறுப்பது? அப்பா காலத்திலிருந்து மாவுப் பொம்மை ஒன்றுகூட இந்தப் படி ஏறியதில்லை.

பதிவு போட்ட அந்த அம்மாவின் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்தேன். ஒன்றரை அடி துர்க்கை, எட்டுக் கை, சிங்கத்தின் மேல் உட்கார்ந்த கோலம். பூஜை அறை படு சுத்தம். அம்மனின் முகத்தில் ஒரு குறையும் இல்லை. பீடத்தில்தான் வட்ட வட்டமாக ஒன்பது தடங்கள், ஒவ்வொன்றும் கைக்குழந்தை வளையல் அளவு. விரலை வைத்துத் தடவினால் சுற்றிலும் வழுவழுப்பு, வட்டத்தின் மேல் மட்டும் சொரசொரப்பு. எதிரே தாம்பாளத்தில் பிழிந்து கவிழ்த்த எலுமிச்சை மூடிகள் இருந்தன. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஒன்பது செவ்வாய்க்கிழமை, மூன்று மணி முதல் நாலரை வரை ராகு காலத்தில், எலுமிச்சை மூடியில் நெய் ஊற்றி விளக்கேற்றிப் பீடத்திலேயே வைத்திருக்கிறார்கள். துர்க்கைக்கு நம் ஊரில் எல்லோரும் செய்கிற பிரார்த்தனைதான். மகளுக்கு வரன் அமையவேண்டும் என்று வேண்டிக்கொண்டார்களாம். அதில் என்ன தப்பு சொல்ல முடியும்?

இப்போது அந்த "சுண்ணாம்பு" விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மார்பிள் என்பது சுண்ணாம்புக்கல் பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்து உருமாறி இறுகிய கல். பள்ளிக்கூடப் பாஷையில் கால்சியம் கார்பனேட். ஆகவே அந்த அம்மா கோபத்தில் சொன்ன வார்த்தையிலும் பாதி உண்மை இருக்கிறது. தாஜ்மகாலும் அதே சுண்ணாம்புதான், ராஜஸ்தானில் மக்ரானா என்ற ஊரில் வெட்டியது. கல்கத்தா விக்டோரியா மெமோரியலுக்கும் அங்கிருந்துதான் கல் போனது. இந்தக் கல்லுக்குப் புளிப்பு ஆகாது. எலுமிச்சைச் சாறு, புளி, தயிர், வினிகர் எது பட்டாலும் மேல்தோல் கரைந்து பாலிஷ் போய்விடும். தாஜ்மகாலைச் சுற்றியிருந்த ஆலைகள் நிலக்கரி எரிக்கக் கூடாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதும் இதற்காகத்தான். புகையில் வருகிற அமிலம் கல்லை அரித்தது. அங்கே ஆலைப் புகை, இங்கே எலுமிச்சை மூடி.

பிசினில் வார்த்த பொம்மையாக இருந்தால் எலுமிச்சை ஒன்றும் செய்திருக்காது, இன்றைக்கும் பளபளவென்று இருந்திருக்கும். அரித்தது என்பதே அது பிசின் பொம்மை இல்லை என்பதற்குச் சாட்சி. நம்பாதவர்கள் கடைக்கு வாருங்கள். லோடில் உடைந்து வந்த ஒரு சிங்க வாலை இதற்காகவே மேஜைமேல் வைத்திருக்கிறேன். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, டீ குடித்து முடித்துத் துடைத்துப் பாருங்கள். வால் பாதிக்கு மேல் ஏற்கெனவே மங்கிவிட்டது, அத்தனை பேருக்குக் காட்டியாயிற்று.

சரி, நம் பக்கத்துத் தப்பையும் ஒத்துக்கொள்கிறேன். இதையெல்லாம் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். பெட்டிக்குள் ஒரு சீட்டு வரும், ஆனால் அது இந்தியில் இருக்கும். வைக்கோலோடு சேர்ந்து அதுவும் குப்பைக்குப் போய்விடும். நம் ஊர்க் கோயிலில் மூலவர் கருங்கல். பால், தயிர், எண்ணெய்க்காப்பு எதைக் கொட்டினாலும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிக்கொண்டு இன்னும் கருகருவென்று மின்னும். அந்தப் பழக்கத்தோடு வீட்டுக்கு வருகிறவர்களிடம் வெள்ளைக் கல்லைக் கொடுத்துவிட்டு நாம் வாய் மூடி இருந்தது தப்புதான். வடக்கே மார்பிள் அம்மனுக்குப் பெரும்பாலும் அலங்காரம்தான் பிரதானம். புடவை மாற்றுவார்கள், மாலை போடுவார்கள், ஆரத்தி எடுப்பார்கள். நம்மைப் போலத் தினம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில்லை.

ஆகவே நம்மிடம் வாங்கியிருப்பவர்கள் இனி ஒன்று செய்யுங்கள். எலுமிச்சை விளக்கைப் பித்தளைத் தட்டில் வைத்து, தட்டைத் தரையில் வையுங்கள். எலுமிச்சை மாலை போடுவதென்றால் கல்லில் படாமல் புடவைமேல் போடுங்கள். அபிஷேகம் செய்தே ஆகவேண்டும் என்பவர்கள் சின்னதாக ஒரு பஞ்சலோக அம்மனைப் பக்கத்தில் வைத்து அதற்குச் செய்யுங்கள். அபார்ட்மெண்ட் கோயில் கமிட்டிக்காரர்களும் குருக்களிடம் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. குங்குமமும் மஞ்சளும் ஈரமாக நெற்றியில் இட்டால் கல் குடித்துவிடும், காய்ந்த ஸ்டிக்கர் பொட்டு போதும். முக்கியமாக, விளக்குத் தேய்க்கிற புளியையும் பித்தளைப் பொடியையும் சிலைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. மஞ்சள் ஏறியிருந்தால் முல்தானி மட்டியைக் குழைத்துப் பூசி, காயவிட்டு, நல்ல தண்ணீரில் துடையுங்கள். முகத்துக்குப் போடுகிற அதே மட்டிதான், தாஜ்மகாலுக்கும் தொல்லியல் துறை அதைத்தான் பூசுகிறது. வண்ணமும் தங்க ரேக்கும் உள்ள இடத்தில் மட்டும் பூசாதீர்கள். கண் வரைந்திருக்கும் இடத்தைத் தொடவே தொடாதீர்கள்.

இரண்டாவது, விலை. "செப்டம்பர் 2025-இல் ஜி.எஸ்.டி. குறைந்ததே, சிலை விலை ஏன் ஏறுகிறது?" என்று நாளுக்கு நாலு பேர் கேட்கிறார்கள். கல், மார்பிள், மரத்தில் செய்த சாமி சிலைகளுக்கு 2018 ஜூலையிலேயே ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்டார்கள். உங்கள் பில்லில் சிலைக்கு வரி இருந்திருக்காது, மண்டபத்துக்கும் பலகைக்கும்தான் இருந்திருக்கும். இல்லாத வரியைக் குறைப்பது எப்படி? மார்பிள் கட்டிக்கு 12 சதவீதம் 5 ஆனது நிஜம். ஆனால் நாம் கட்டி வாங்குவதில்லை, செதுக்கிய சிலையாகத்தான் வாங்குகிறோம். மார்பிள் ஒரு கன அடி 75 கிலோவுக்கு மேல் இருக்கும். ஜெய்ப்பூரிலிருந்து கோவை 2000 கிலோமீட்டருக்கு மேல். மரப்பெட்டி, லாரி வாடகை, இறக்குகூலி எல்லாம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். தை முதல் தேதியிலிருந்து 2 அடிக்குள் உள்ள சிலைகள் 8 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் கூடுகிறது. மார்கழிக்குள் அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்குப் பழைய விலைதான். இரண்டு வருடமாக வருகிற பெரிய சிலைகளில் சில, வியட்நாம் கல்லை இறக்குமதி செய்து ஜெய்ப்பூரில் செதுக்கியவை. அதுவும் அசல் மார்பிள்தான். போர்டில் இருக்கும் "மக்ரானா" என்ற எழுத்தைச் சரிசெய்ய பெயிண்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

பாலிஷ் போட வீட்டுக்கு வந்துகொண்டிருந்த நம் ஜெய்ப்பூர் மேஸ்திரி ஊருக்கே போய்விட்டார் என்பதையும் சொல்லவேண்டும். உங்களில் பல பேர் வீட்டில் அவர் சாப்பிட்டிருப்பார். "அம்மிணி, காப்பி போதுங்" என்று நம்மைவிட நன்றாகக் கொங்குத் தமிழ் பேசுவார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள், நிறுத்திவைக்க மனசு வரவில்லை. அவருக்குக் கீழே இருந்த பையன்தான் இப்போது வேலையைப் பார்க்கிறான். நல்ல பையன், கை இன்னும் படியவேண்டும். அதனால் கொஞ்ச நாளைக்குப் பாலிஷ் வேலை கடையில் மட்டும்தான்.

அந்த அம்மா வீட்டுக்கு மட்டும் நானே பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் விட்டு, உப்புத்தாளில் 400, 600, 1000 என்று நம்பர் மாற்றி மாற்றி அரைநாள் தேய்த்தோம். ஏழு வட்டம் போய்விட்டது. இரண்டு இடத்தில் உற்றுப் பார்த்தால் இன்னும் தெரிகிறது. காசு வாங்கவில்லை. குரல் பதிவைத் திருத்தி இன்னொன்று போடுகிறேன் என்றார்கள். அது இன்னும் என் சம்பந்திக்கு வரவில்லை.

அந்தப் பதிவைக் கேட்டதும் "அண்ணா, நாங்க நம்பலை" என்று போன் பண்ணியவர்களுக்கும், தன் வீட்டுச் சரஸ்வதியைப் போட்டோ எடுத்து அதே குரூப்பில் போட்ட சாய்பாபா காலனி டீச்சரம்மாவுக்கும், அப்பா காலத்தில் வாங்கிய லட்சுமிக்கு இப்போது பேரன் கல்யாணத்தின்போது மறுபடி வண்ணம் தீட்டக் கொண்டுவந்த பெரியவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நீங்களெல்லாம் இருப்பதால்தான் கடை திறந்திருக்கிறது.

இதே மாதிரி வட்டம் விழுந்திருப்பவர்கள் பொங்கல் கழிந்து சிலையைக் கொண்டுவாருங்கள். இந்த ஒரு தடவை இலவசமாகத் தேய்த்துத் தருகிறோம். வருவதற்கு முந்தின நாள் ஒரு போன் போடுங்கள், பையன் ஒருவன்தான் இருக்கிறான். திரிசூலம், கத்தி, சங்கு, சக்கரம் எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தூக்கும்போது கையைப் பிடித்துத் தூக்காமல், பீடத்துக்கு அடியில் கை கொடுத்து இரண்டு பேராகத் தூக்குங்கள். காரில் படுக்கவைக்க வேண்டாம், பின் சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரன்