வரலாற்றையும் பணத்தையும் ஒன்றாகச் சொல்லிக் கொடுங்கள்: அமெரிக்காவில் வீட்டுக்கல்வி தரும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களே,

வணக்கம். பென்சில்வேனியாவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு வீட்டிலேயே பாடம் எடுக்கும் ஒரு தாய் எழுதுகிறேன். அடுத்த கல்வியாண்டுக்கான திட்டத்தைப் போட ஆரம்பித்திருப்பீர்கள். எங்கள் மாநிலத்தில் ஆகஸ்ட் 1-க்குள் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தாக வேண்டும். நியூயார்க்கில் காலாண்டுக்கு ஒரு அறிக்கை. டெக்சஸிலும் நியூ ஜெர்சியிலும் கெடுபிடி குறைவு. எங்கே இருந்தாலும் சரி, புத்தகங்களை வாங்குவதற்கு முன் ஒரு வேண்டுகோள்: அமெரிக்க வரலாற்றையும் தனிநபர் நிதியையும் தனித்தனிப் பாடங்களாக வைக்காதீர்கள். சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

நம் வீடுகளில் நிதிப் பாடம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. கூட்டு வட்டிக் கணக்கு நம் பிள்ளைகளுக்குக் கஷ்டமே இல்லை. கிரெடிட் கார்டு பாக்கியை மாதாமாதம் முழுசாகக் கட்டு, மிச்சத்தை இண்டெக்ஸ் ஃபண்டில் போடு என்று இரண்டு விதி சொன்னால் தீர்ந்தது. வரலாறு வேறொரு நாளில், வேறொரு புத்தகத்தில் நடக்கிறது: ஜனாதிபதிகள், போர்கள், சட்டத் திருத்தங்கள். நம்மில் பெரும்பாலோர் வேறு நாட்டில் படித்து வந்தவர்கள். அமெரிக்க வரலாறு நமக்கே புதுசு, அதனால் புத்தகம் சொன்னதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

பல தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பங்களில் பணத்தைப் பற்றிய கதைகள் தாத்தா பாட்டி வழியாகவே வந்து சேர்கின்றன. 1930களில் பேங்க் மூடியதால் சேமிப்பு போனது, போரிலிருந்து திரும்பியவர் 1944 ஜிஐ சட்டத்தின் உதவியால் கல்லூரிக்குப் போனது, கருப்பினத்தவர் என்பதால் வீட்டுக் கடன் கிடைக்காமல் போனது. நம் வீட்டுக் கதைகள் வேறு. சீட்டுப் பணம், அடகுக்குப் போன நகை, ஊரில் விற்ற நிலம். அவையும் பிள்ளைகளுக்குத் தெரியத்தான் வேண்டும். ஆனால் இந்த நாட்டில் சம்பாதித்து, கடன் வாங்கி, வீடு வாங்கப் போகிற பிள்ளைக்கு, இங்கே உள்ள ஏற்பாடுகள் எப்படி வந்தன என்று சொல்ல நம் வீட்டில் யாரும் இல்லை. பாடம்தான் சொல்லியாக வேண்டும்.

நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கியின் கதையை. 1865 மார்ச் 3 அன்று லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் பிறந்த வங்கி அது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்களும் கருப்பினப் போர்வீரர்களும் தங்கள் முதல் கூலியைக் கொண்டுபோய் அதில் போட்டார்கள். தினம் 10 சென்ட் சேர்த்தால் பத்து வருஷத்தில் வட்டியோடு எவ்வளவு ஆகும் என்ற கணக்கைப் பாஸ்புக்கிலேயே அச்சிட்டுக் கொடுத்தார்கள். இன்று நாம் சொல்லித்தரும் அதே பாடம்! அந்த மக்கள் அதை அப்படியே கடைப்பிடித்தார்கள். ஆனால் அரசாங்கம் பின்னால் நிற்கிறது என்று அவர்கள் நம்பியது நிஜமில்லை. 1870இல் நாடாளுமன்றம் விதியைத் தளர்த்தி, நிலத்தின் பேரில் கடன் கொடுக்க வங்கியை அனுமதித்தது. திரும்பி வராத கடன்களாகக் கொடுத்தார்கள். 1873 நிதி நெருக்கடி வந்தது. 1874 மார்ச்சில், அடிமைத்தனத்துக்கு எதிராகப் போராடிய கருப்பினத் தலைவர் ஃப்ரெடரிக் டக்ளஸை வங்கியின் தலைவராக்கினார்கள். அவர் தன் சொந்தப் பணம் 10,000 டாலரைக் கொடுத்தும் பார்த்தார். ஜூன் கடைசியில் வங்கி மூடியது. 61,000க்கும் மேற்பட்டவர்களின் ஏறக்குறைய 30 லட்சம் டாலர் உள்ளே மாட்டிக்கொண்டது. சிலருக்குப் பல வருஷம் கழித்து ஒரு பகுதி திரும்பி வந்தது. பலருக்கு ஒன்றுமே வரவில்லை.

சேமிப்பு நல்லது என்று மட்டும் படித்த பிள்ளைக்கு இந்தக் கதை தரும் கேள்விகளை எந்த நிதிப் பாடப் புத்தகமும் தருவதில்லை. பணம் வைத்திருக்கும் இடம் யாருடையது, அது அந்தப் பணத்தை என்ன செய்கிறது, கவிழ்ந்தால் யார் பொறுப்பு? அந்த வங்கியின் பதிவேடுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கணக்குத் தொடங்கியவரின் வயது, பிறந்த ஊர், கணவன் மனைவி பிள்ளைகள் பெயர், சில பக்கங்களில் பழைய எஜமானரின் பெயர்கூட. ஒரே ஒரு பக்கத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள்.

இதற்குப் பிறகு 1933க்குப் போனால் எஃப்டிஐசி (வங்கியில் போட்ட பணத்துக்குக் காப்பீடு தரும் அரசு அமைப்பு) என்ற நான்கு எழுத்துக்கு உயிர் வந்துவிடும். மார்ச் 6 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நாட்டின் எல்லா வங்கிகளையும் மூடச் சொல்கிறார். 12ஆம் தேதி வானொலியில் மக்களிடம் பேசுகிறார். மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியதும், ஜனங்கள் எடுத்து வைத்திருந்த பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து போடுகிறார்கள். 1934 ஜனவரியில் காப்பீடு 2,500 டாலர் வரைக்கும் ஆரம்பித்தது. இன்று 2,50,000 டாலர். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி கவிழ்ந்தபோது நம் நண்பர்கள் பலர் அந்த வார இறுதியில் தூங்கவில்லை. அந்த வரம்பைத் தாண்டிய பணம் என்னவாகும் என்பதுதான் கவலை. அந்தக் கவலையைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க 1874, 1933 இரண்டும் வேண்டும்.

கடன் பத்திரம் என்றால் என்ன என்று சொல்ல 1790ஐவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. விடுதலைப் போரில் சண்டை போட்டவர்களுக்குக் காசுக்குப் பதில் சான்றுப் பத்திரம் கொடுத்தார்கள். பசி பொறுக்காமல் பலர் அதை வந்த விலைக்கு விற்றார்கள். பிறகு முதல் நிதியமைச்சர் ஹாமில்டன், பத்திரத்தில் போட்டிருக்கும் முழுத் தொகைக்கும் அரசு பொறுப்பேற்க வேண்டும், அதுவும் இப்போது யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கே என்றார். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மேடிசன் எதிர்த்தார்: முதலில் வாங்கிய வீரனுக்கும் பங்கு வேண்டாமா? மேடிசன் தோற்றுப் போனார். முகமதிப்பு, தள்ளுபடி, அரசின் நம்பகத்தன்மை எல்லாம் அந்த ஒரு சண்டையில் வந்துவிடுகின்றன. பிள்ளைகளை இரண்டு கட்சியாகப் பிரித்து வாதாட விடுங்கள். நான் ஹாமில்டன் பக்கம்தான், ஆனால் மேடிசனின் கேள்விக்கு முழுப் பதில் இன்றைக்கும் என்னிடம் இல்லை.

சம்பளச் சீட்டு இன்னொரு நல்ல பாடப் பக்கம். சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கு 6.2 சதவீதம், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதம் பிடிக்கிறார்கள். முதல் பிடிப்பு 1935 சட்டத்திலிருந்து வருகிறது. மாதாந்திரக் காசோலையை முதலில் வாங்கியவர் வெர்மான்ட்டைச் சேர்ந்த ஐடா மே ஃபுல்லர். 1940 ஜனவரி 31, தொகை 22.54 டாலர். அவர் கட்டியது மொத்தம் 24.75 டாலர்தான். நூறு வயது வரை வாழ்ந்து 22,000 டாலருக்கும் மேல் வாங்கினார். மீதிப் பணம் யாருடையது என்று பிள்ளையைக் கேளுங்கள். விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்தவர்களையும் அந்தச் சட்டம் முதலில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். அப்புறம் நம் கதைக்கு வாருங்கள். ஓய்வூதியத்துக்குச் சுமார் பத்து வருஷ வேலை தேவை. இந்தியாவோடு இதற்கான ஒப்பந்தம் இன்னும் இல்லாததால், அதற்குமுன் ஊர் திரும்புகிறவர் கட்டிய பணத்துக்குப் பொதுவாகப் பலன் இல்லை. மெடிகேர் சட்டமும், நம்மைப் போன்றவர்கள் வர வழி திறந்த குடியேற்றச் சட்டமும் ஒரே வருஷம், 1965.

வீடு வாங்கும்போது நாம் எல்லோரும் பார்ப்பது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். அது ஏன் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் இப்படி மாறுகிறது? 1930களில் அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களை வரைபடத்தில் நான்கு நிறமாகப் பிரித்தது. சிவப்பு என்றால் கடன் கொடுக்க ஆபத்தான இடம். கருப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு. ரிச்மண்ட் பல்கலைக்கழகம் அந்த வரைபடங்களை எல்லாம் இணையத்தில் போட்டிருக்கிறது, பிலடெல்பியாவும் உண்டு. இந்தியர்களும் தப்பவில்லை. பகத் சிங் திந்த் வழக்கில் 1923இல் உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் குடியுரிமை பெற முடியாது என்றது. குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று கலிபோர்னியாவில் 1913லேயே சட்டம் இருந்தது. 1946 வரை அந்தக் கதவு திறக்கவில்லை. மகள் இருக்கும் வீட்டில் 1974 சமக் கடன் வாய்ப்புச் சட்டத்தையும் விட்டுவிடாதீர்கள்: அதற்கு முன் திருமணமான பெண் தன் பெயரில் கடன் அட்டை கேட்டால் கணவர் கையெழுத்தைக் கேட்பது சகஜம்.

இப்படிச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு நாட்டின் மேலேயே நம்பிக்கை போய்விடாதா என்று சில பெற்றோர் என்னிடம் கேட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தப்பு நடந்தது, மக்கள் கேட்டார்கள், சட்டம் வந்தது என்று இதே கதைகளில்தான் பிள்ளை பார்க்கிறது. எஃப்டிஐசி வானத்திலிருந்து விழவில்லை. எதையும் நம்பாதே என்றோ எல்லாம் சரியாகிவிட்டது என்றோ நான் சொல்லித்தரச் சொல்லவில்லை. பணத்தைப் போடுவதற்கு முன் பத்திரத்தை வாசிக்கிற பிள்ளை எனக்கு வேண்டும்.

செலவும் அதிகமில்லை. தேசிய ஆவணக் காப்பகம், நாடாளுமன்ற நூலகம், செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பாடங்கள் எல்லாம் இலவசம். பென்சில்வேனியாக்காரர்கள் போர்ட்ஃபோலியோவில் ஒரே கட்டுரையை இரண்டு பாடத்துக்கும் காட்டலாம். உங்கள் மதிப்பீட்டாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கோடையில் உங்கள் ஊர்க் குழு கூடும்போது மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து இந்த வருஷத்துக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நகரத்தின் வரைபடத்தை ஒருவர், வங்கிப் பதிவேட்டை ஒருவர், சம்பளச் சீட்டை ஒருவர். எங்கள் குழுவில் 1790 விவாதத்தை நான் நடத்துகிறேன். மேடிசன் பக்கம் பேச ஒரு நல்ல பிள்ளை இன்னும் தேவைப்படுகிறது.

அன்புடன்,
பென்சில்வேனியாவிலிருந்து ஒரு தாய்