முதல் பருவ நிறைவும் வீட்டுப்பாடமும்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

முதல் பருவம் நல்லபடியாக முடிந்தது. சுதந்திர தின விழா, கலைத் திருவிழா, குறுவட்ட விளையாட்டுப் போட்டி என எல்லாவற்றிலும் நம் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள், பரிசும் வாங்கி வந்தார்கள். உடனிருந்து உதவிய பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கு நன்றி. பருவத்தின் முடிவில் நடந்த தொகுத்தறித் தேர்வு விடைத்தாள்களும் திருத்தித் தரப்பட்டுவிட்டன.

அந்த விடைத்தாள்களை வீட்டுப்பாட நோட்டோடு சேர்த்துப் பார்த்தபோது ஒரு விஷயம் பேசியே ஆக வேண்டும் என்று தோன்றியது. கைடு.

ஐந்து பாடத்தின் கேள்விகளுக்கும் விடை எழுதி ஒரே புத்தகமாக விற்கும் கைடு, 6 முதல் 8 வரை உள்ள வகுப்புகளில் பல பிள்ளைகளின் பையில் இருக்கிறது. வேலை முடிந்து வந்து சொல்லிக்கொடுக்க நேரமில்லை, இதையாவது வாங்கித் தருவோம் என்ற அக்கறையில்தான் வாங்குகிறீர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பள்ளி எந்தக் கைடையும் வாங்கச் சொல்லவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நோட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. அதே கணக்கை எண்ணை மாற்றிக் கரும்பலகையில் போட்டால் கை நின்றுவிடுகிறது. ஏழாம் வகுப்பில் சரிவகத்தின் பரப்பளவை எடுத்துக்கொள்ளுங்கள். கைடில் ½ × 4 × (9 + 6) = 30 என்று ஒரே வரிதான் இருக்கும். அந்த 4, 9, 6 என்ற இரண்டு இணைப்பக்கங்களுக்கு இடையே உள்ள செங்குத்து உயரம் என்பதைக் கவனிக்காமல் எழுதிய பிள்ளை, தேர்வில் சாய்ந்த பக்கம் 5 என்று படத்தில் இருந்தால் அதை உயரமாக எடுத்துக்கொண்டு 37.5 என்று விடை எழுதுகிறது. எதிர்விகிதத்திலும் இதே கதை. 6 பேர் 10 நாளில் முடிக்கும் வேலையை 15 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? 6 × 10 = 60, அதை 15 ஆல் வகுத்தால் 4 நாள். பலர் நேர்விகிதமாகப் போட்டு 25 நாள் என்று எழுதியிருந்தார்கள். ஆள் கூடினால் நாள் கூடுமா என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். பார்த்து எழுதும் பழக்கத்தில் அந்த ஒரு நொடிதான் போய்விடுகிறது. ஆறாம் வகுப்பு அறிவியலில் அவரவர் பென்சிலை அளந்து எழுதச் சொன்னால், பாதி சீவிய பென்சிலுக்கும் புதுப் பென்சிலுக்கும் ஒரே நீளம்!

எனவே கண்டிப்பாகச் சொல்கிறேன்: இரண்டாம் பருவத்திலிருந்து கைடு பள்ளிக்கு வரக்கூடாது. பார்த்தெழுதிய வீட்டுப்பாடத்தை ஆசிரியர்கள் திருத்த மாட்டார்கள். பருவம் முழுக்க வகுப்புச் செயல்பாடுகளை வைத்துப் போடும் வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண்ணுக்கும் அது கணக்கில் வராது. எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சிதானே என்று இருந்துவிட வேண்டாம். அதனாலேயே இந்தக் குறை ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிறகுதான் வெளியே தெரிகிறது. எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் மனத்திறனுக்கு 90, பாடங்களுக்கு 90 என 180 கேள்விகள். தேர்வு பெறுபவருக்கு 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. அதில் எந்தக் கேள்வியும் கைடில் உள்ளபடியே வராது.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், அதற்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாடப்புத்தகத்தை மட்டும் வைத்து இருபது நிமிடம் உட்காரட்டும். கணக்கை முதலில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று உங்களிடம் சொல்லட்டும். பாதியில் நின்றால் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு அப்படியே அனுப்புங்கள். அழிக்க வேண்டாம். எங்கே தடுக்கிறது என்று ஆசிரியருக்கு அதுதான் காட்டிக்கொடுக்கும். விடை சரியா என்று பார்க்க வேண்டுமானால் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களிலேயே விடைகள் இருக்கின்றன. ½ + ⅓ = 2/5 என்று பிள்ளை எழுதியிருந்தால், அரை லிட்டர் பாலோடு இன்னும் கொஞ்சம் ஊற்றினால் அரை லிட்டருக்குக் குறையுமா என்று மட்டும் கேளுங்கள். மீதியைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

காசு கொடுத்து வாங்கிய கைடைத் தூக்கிப் போட வேண்டாம். உங்கள் பொறுப்பில் இருக்கட்டும், தானாகப் போட்டு முடித்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கலாம். வீட்டுப்பாடம் அரைகுறையாக வருகிறது என்பதற்காக எந்தப் பிள்ளையையும் இங்கே திட்ட மாட்டோம், நீங்களும் திட்டாதீர்கள்.

நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்தும் பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பார்க்கிறவர்கள் நீங்கள். அந்த அக்கறைக்கு எல்லா ஆசிரியர்கள் சார்பிலும் நன்றி. காலாண்டு விடுமுறை முடிந்ததும் புதன்கிழமைகளில் பள்ளி விட்ட பிறகு கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் அரை மணி நேரம் இருப்பார்கள். நோட்டோடு வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி